சாலை கூசுவது ஏன்?

மழை விட்ட மாலையில், பூந்தமல்லி தாண்டி மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் கார் ஓட்டியவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். எதிரே தாழ்ந்து நிற்கும் சூரியன். கீழே, நனைந்த தார்ச்சாலை முழுக்க வெள்ளித் தகடு விரித்தாற்போல் பளபளப்பு. சாலைக் கோடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. சாதாரண கூலிங் கிளாஸ் மாட்டினால் கூச்சம் குறையும்தான். ஆனால் கோடும் பள்ளமும் சேர்ந்தே இருண்டுவிடும். போலரைஸ்டு கண்ணாடி மாட்டிப் பாருங்கள். பளபளப்பு பெருமளவு விலகி, அடியிலிருக்கும் தாரின் கருப்பு தெரியத் தொடங்கும்.

ஒளி அலை, தான் போகும் திசைக்குக் குறுக்கே அதிர்வது. கட்டிய கயிற்றின் நுனியை மேலும் கீழுமாக ஆட்டலாம், பக்கவாட்டிலும் ஆட்டலாம் அல்லவா? அதுபோலச் சூரிய ஒளியில் எல்லா வகை அதிர்வும் கலந்திருக்கும். ஈரச்சாலையில் அது சாய்வாகப் பட்டுத் தெறிக்கும்போது, கிடைமட்டமாக அதிரும் ஒளியே அதிகம் திரும்பி வருகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த தளவிளைவு இதுதான்.

முதலில் இதைக் கவனித்தவர் மாலஸ் என்ற பிரெஞ்சுக்காரர். 1808இல் பாரிஸ் நகரில், லக்சம்பர்க் அரண்மனையின் ஜன்னல்களில் பட்டுத் தெறித்த அந்தி வெயிலை ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தார். எதையும் இரண்டாகக் காட்டும் படிகம் அது. கையில் அதைத் திருப்பத் திருப்ப, ஒரு பிம்பம் மங்கியது, மற்றது துலங்கியது; பிறகு மாறியது. 1815இல் ஸ்காட்லாந்தின் புரூஸ்டர் கணக்கைச் சொன்னார்: தண்ணீர்ப் பரப்பின் செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் விழும் ஒளி, தெறிக்கும்போது முழுக்கக் கிடைமட்ட அதிர்வாகிவிடும்.

அதைத் தடுக்கும் மலிவான தகடு வர நூறாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் எட்வின் லேண்ட் 1938இல், பிளாஸ்டிக் படலம் ஒன்றை இழுத்து நீட்டி அயோடின் ஏற்றினார். இழுத்த திசையில் நீண்ட மூலக்கூறுகள் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். அந்தத் திசையில் அதிரும் ஒளியை விழுங்கிவிடும். மூக்கின் மேல் அந்த வரிசை கிடைமட்டமாக அமையும்படி கண்ணாடியைச் செய்கிறார்கள். எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் கூச்சத்தைத் தன் தகட்டால் ஒழிக்க வேண்டும் என்பதே லேண்டின் பெருங்கனவு. அது கைகூடவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

எல்லாக் கூச்சமும் போய்விடாது. தூரத்துச் சாலையில் ஒளி மிகத் தாழ்வாகப் பட்டு வருவதால் வடிகட்டல் பாதியாகவே நடக்கும். சூரியனையே நேராகப் பார்த்தால், சாதாரண கருப்புக் கண்ணாடி செய்வதைத்தான் இதுவும் செய்யும். காரின் சில திரைகள் இருட்டாகத் தெரியலாம். இரவில் இதை மாட்டவே கூடாது. இருக்கிற வெளிச்சத்தையும் குறைத்துவிடும்.

வாங்கும்போது கடையின் கண்ணாடி மேசையில் விழும் டியூப்லைட் பிம்பத்தைச் சாய்வாகப் பாருங்கள். கூலிங் கிளாஸைக் கண்ணுக்கு முன்னே பிடித்து மெல்லத் திருப்புங்கள். பிம்பம் மங்கி, மறுபடி துலங்கினால் அது போலரைஸ்டு.