கடற்பறவையை ஏமாற்றும் வாடை

கடற்பறவைகள் பிளாஸ்டிக்கை ஏன் விழுங்குகின்றன? பார்வைக் கோளாறு என்றுதான் பலரும் நினைக்கிறோம். பல இனங்களை ஏமாற்றுவது மூக்கு.

கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகளைக் கிரில் என்னும் சிறு உயிரிகள் மேயும்போது பாசியின் செல்கள் உடைந்து டைமெத்தில் சல்ஃபைடு என்ற கந்தக வாயு வெளிவருகிறது. கடற்கரைக் காற்றில் நாம் உணரும் வாடையில் இதற்கும் பங்குண்டு. குழல்மூக்குடைய பெட்ரல் இனங்கள் பலவற்றுக்கு, பரந்த கடலில் இரை இருக்குமிடத்தைக் காட்டுவதே இந்த வாடைதான்.

பிளாஸ்டிக்கின் மேலும் பாசி படிகிறது. கலிஃபோர்னியாக் கரையோரக் கடலில் ஆய்வாளர்கள் பிளாஸ்டிக் மணிகளைப் போட்டு வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் அவற்றிலிருந்து அதே வாயு கிளம்பியது. 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி, இவ்வாடையைப் பின்தொடரும் இனங்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ 6 மடங்கு அடிக்கடி பிளாஸ்டிக்கைத் தின்கின்றன. விழுங்கியது செரிப்பதில்லை. இரைப்பையை அடைத்துக்கொள்கிறது, குஞ்சுக்குக் கக்கி ஊட்டும் உணவிலும் கலந்துவிடுகிறது. எத்தனை கொடுமை!

கடலில் இவ்வளவு பிளாஸ்டிக் சேர்வதற்கு மக்கள்தொகைப் பெருக்கத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. 1950இல் சுமார் 250 கோடியாக இருந்த நாம் இன்று 800 கோடிக்கு மேல், 3 மடங்கு. ஆண்டு பிளாஸ்டிக் உற்பத்தியோ 20 லட்சம் டன்னிலிருந்து 40 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. அது 200 மடங்கு.