கருமுட்டை முதிராததற்கு யார் காரணம்?

குழந்தைப்பேறு தள்ளிப்போனால் விந்தணு எண்ணிக்கை, கருக்குழாய் அடைப்பு, ஹார்மோன் அளவு, பெண்ணின் வயது ஆகியவற்றை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும், சோதனைக்குழாய் முறைக்காக எடுக்கும் கருமுட்டைகள் ஒவ்வொரு முறையும் முதிராமலே நின்றுவிடும் பெண்கள் சிலர் உண்டு. அவர்களிடம் ‘காரணம் தெரியவில்லை’ என்று சொல்லி அடுத்த சுற்று ஊசிக்கு அனுப்புவதைவிட, கருமுட்டையை இயக்கும் மரபணுக்களைச் சோதிப்பதே முறை.

முதிரும் முட்டை தன் குரோமோசோம்களில் பாதியை வெளியேற்ற வேண்டும். அவற்றைப் பிடித்து இழுக்கும் நுண்ணிழைகள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. மனித முட்டையில் அந்தப் புரதத்தின் ஒரு பாதியை ஏறக்குறைய முழுவதும் தருவது டியூபிபி8 என்ற ஒரே மரபணு. அது முட்டையிலும் இளங்கருவிலும் மட்டுமே வேலை செய்கிறது. ஆகவே அதில் பிழை இருந்தாலும் பெண்ணின் உடல்நலத்தில் எந்தக் குறையும் தெரியாது. மாதவிடாய்கூட ஒழுங்காகவே வரும். குரங்கினத்துக்கும் மனிதருக்கும் மட்டுமே உரிய மரபணு என்பதால் எலிகளை மட்டும் ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. முட்டை முதிராத 24 குடும்பங்களைச் சீன ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 7 குடும்பங்களில் இந்த மரபணுவின் பிழையே காரணம் என்று 2016இல் அறிவித்தார்கள். 2018இல் வீ2 என்ற இன்னொரு மரபணு தெரியவந்தது. அதன் இரு பிரதிகளும் பழுதானால், முட்டை முதிர்ந்து விந்தணு உள்ளே நுழைந்த பிறகும் கருவுறுதல் நடப்பதில்லை.

இவை அரிய பிழைகள். பெரும்பாலான பெண்களின் முட்டைத்தரம் வயதால்தான் குறைகிறது, பிறகு எதற்கு இந்தச் சோதனை என்று கேட்கலாம். எல்லோருக்கும் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் முட்டைகள் எல்லாம் திரும்பத் திரும்ப ஒரே கட்டத்தில் நிற்கும் இளம்பெண்ணுக்கு வயதைக் காரணம் காட்ட முடியாது. பிழை தெரிந்தாலும் சரிசெய்ய வழியில்லையே என்பது இதைவிட வலுவான மறுப்பு. இன்றைக்கு அதுவும் உண்மை. ஆனாலும் டியூபிபி8இல் கடுமையான பிழை உள்ளவருக்கு இன்னும் பத்துச் சுற்று ஊசி போட்டாலும் பலன் கிடைப்பது அரிது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பணமும் உடலும் மேலும் கரையுமுன் தானமுட்டையையோ தத்தெடுப்பையோ அவர் யோசிக்கலாம். இன்னொன்றையும் நம் குடும்பங்கள் அறிய வேண்டும்: இந்தப் பிழை பல பெண்களுக்குத் தந்தை வழியாகவே வந்திருக்கிறது. ஆணின் உடலில் அந்த மரபணுவுக்கு வேலை இல்லாததால் அவருக்குப் பிள்ளை பிறப்பதில் தடையில்லை. தான் உண்ட உணவோ செய்த வேலையோ காரணமில்லை என்பதை அந்தப் பெண்ணுக்கு ஆதாரத்தோடு சொல்ல இந்தச் சோதனை உதவும். இரண்டு சுற்றுகளிலும் முட்டைகள் ஒரே நிலையில் நின்றுபோனவர்கள், மூன்றாவதற்குச் சம்மதிக்குமுன் மரபணுச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.