வெல்டிங்கைப் பார்க்கும் அலை இதயத்தையும் பார்க்கும்



"பொறந்ததுலேர்ந்து இருக்குற ஓட்டையாம். நாப்பது வருசமா எங்கடா ஒளிஞ்சிருந்துச்சு?"

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. காசிமேட்டில் மீன் கூடை தூக்குபவர். இரண்டு வருடமாக மூச்சு வாங்கியது. "எண்ணூர் பொகைதான், வேற என்ன?" என்றார்கள் அக்கம்பக்கத்தில். ஆஸ்துமா மாத்திரையும் சாப்பிட்டுப் பார்த்தார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கருவில் குழந்தையின் நுரையீரலுக்கு வேலை இல்லை. அதனால் இதயத்தின் மேலறைகளுக்கு நடுச்சுவரில் ஒரு வழி திறந்திருக்கும். பிறந்தபின் அது மூடிக்கொள்ளும். சிலருக்குச் சுவரே முழுமையாக உருவாகாமல் ஓட்டை நின்றுவிடுகிறது. இடது மேலறையில் அழுத்தம் சற்று அதிகம். ஆகவே சுத்த ரத்தத்தில் ஒரு பகுதி வலப்பக்கம் கசிந்து, மறுபடி நுரையீரலுக்கே போகிறது. பம்புக்குக் கூடுதல் வேலை! இளமையில் உடம்பு தாங்கும். முப்பது, நாற்பது வயதில் வலப்பக்கம் வீங்கி மூச்சு வாங்கும், படபடக்கும். அழுத்த வேறுபாடு குறைவு என்பதால் ஓட்டையில் பெரிய சத்தம் வராது. ஸ்டெதாஸ்கோப்பில் எளிதில் பிடிபடாது.

எக்கோவில் பிடிபடும். 1953-ல் ஸ்வீடனில் டாக்டர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும், மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகப் பழுது பார்க்க வைத்திருந்த அல்ட்ராசோனிக் கருவியை இரவல் வாங்கித்தான் இதயத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். நாம் படிக்கும் வெல்டிங் சோதனையின் அதே தத்துவம்: ஒலி போகும், தட்டித் திரும்பும், திரும்பும் நேரம் தூரத்தைச் சொல்லும்.

புரோப் கோணம் தவறினால் விரிசல் தெரியாதல்லவா? இங்கேயும் அப்படித்தான். சாதாரண ஓட்டை சுவரின் நடுவில் இருக்கும். சைனஸ் வீனோசஸ் என்ற அரிய வகையோ, பெரும்பாலும் மேற்பெருஞ்சிரை வந்து சேரும் மூலையில் இருக்கும். மார்பின்மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் தப்பிவிடலாம். அம்மாவுக்கு முதல் எக்கோவில் வலப்பக்க வீக்கம் மட்டுமே தெரிந்தது. "காரணம் தெரியாம விடக்கூடாது" என்று டாக்டர் உணவுக்குழாய் வழியாகப் புரோபை இறக்கிப் பார்க்கச் சொன்னார். மூலையில் இருந்தது ஓட்டை.

நடு ஓட்டையைப் பலருக்கு கால் சிரை வழியாகவே அடைத்துவிடலாம். அம்மாவின் வகைக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான். தேதி கொடுத்திருக்கிறார்கள். இன்னும் பல வருடம் விட்டிருந்தால் நுரையீரல் அழுத்தம் ஏறி, மூடவே முடியாத நிலை வந்திருக்கலாம்.

உங்கள் வீட்டில் யாராவது மாடிப்படியில் நின்று நின்று ஏறினால், "வயசாகுது", "பொகை" என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போய், எக்கோ எடுக்கணுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.