பழைய கம்ப்யூட்டரில் கிடக்கும் பில் அஞ்சல்கள்



புதுக்கோட்டை கீழ ராஜ வீதியானாலும் சரி, அறந்தாங்கி, ஆலங்குடி ஆனாலும் சரி, பழைய கம்ப்யூட்டரை மாற்றும் உறுப்பினர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றுதான். "மண்டியிலிருந்து மின்னஞ்சலில் வந்த பில்களைப் பென் டிரைவில் எடுத்துப் புதுப் பெட்டியில் போட்டோம், திறக்கவில்லையே, ஏன்?"

விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ், வந்த அஞ்சல், அனுப்பிய அஞ்சல் என ஒவ்வொரு பிரிவையும் டி.பி.எக்ஸ். என்னும் தனி வகைக் கோப்பாகக் கட்டி வைக்கும். கணக்குப்பிள்ளை தனக்கு மட்டும் விளங்கும் குறிகளில் பேரேடு எழுதியது போலத்தான். 2007-ல் விஸ்டா வந்தபோது அந்த மென்பொருளையே மைக்ரோசாஃப்ட் விட்டுவிட்டது. சர்வரில் நகல் இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். அந்நாளில் பெரும்பாலும் அஞ்சல் கடைக்கு இறங்கியதும் அங்கே அழிந்துவிடும்.

பழைய பில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஜி.எஸ்.டி. சட்டம் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைக் காக்க வேண்டும். 2020-21-க்கு அத்தேதி 2022 பிப்ரவரி 28. ஆக 2028 பிப்ரவரி வரை. அப்பீல் நிலுவையில் இருந்தால் இன்னும் நீளலாம்.

பழைய பெட்டி இன்னும் ஓடுகிறதென்றால் வேலை சுலபம். முதலில் டி.பி.எக்ஸ். கோப்புகளை அப்படியே நகலெடுத்துத் தனியே வையுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை அஞ்சல் என்று தாளில் குறியுங்கள். பின் எல்லாவற்றையும் தேர்ந்து, டெஸ்க்டாப்பில் ஒரு காலி ஃபோல்டருக்குள் இழுத்து விட்டால், ஒவ்வொன்றும் இ.எம்.எல். என்ற தனிக் கோப்பாகும். அனுப்பியவர் முகவரி, தேதி, இணைத்த பில் எல்லாம் அதனுள்ளேயே இருக்கும். அச்செடுத்த தாளில் இவ்வளவும் வராது. புதுக் கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்டைப் போட்டு, இம்போர்ட்-எக்ஸ்போர்ட்-டூல்ஸ் என்.ஜி. என்ற துணை மென்பொருளால் உள்ளே ஏற்றலாம்.

தண்டர்பேர்டு ஒரு பிரிவின் அஞ்சல்களை எம்பாக்ஸ் என்னும் ஒரே கோப்பில் வரிசையாக எழுதும். வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் பல மென்பொருள்கள் படிக்கும். 'ஃபிரம்' என்று தொடங்கும் வரிதான் ஒரு கடிதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே தையல். மும்பைக்காரர் கடிதத்தின் நடுவில் 'ஃபிரம் மும்பை' என்று ஒரு வரியைத் தொடங்கியிருந்தால், மட்டமான மாற்றி அதையும் தையல் என்று பிரித்து ஒன்றை இரண்டாக்கிவிடும். அதனால்தான் எண்ணிக்கை குறைந்தால் மட்டுமல்ல, கூடினாலும் சந்தேகப்படச் சொல்கிறோம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்த தமிழ்க் கடிதம் கிறுக்கலாகத் தெரிந்தால் பயம் வேண்டாம். அந்த எழுத்துருவைப் போட்டால் படிக்கலாம்.

பெட்டி ஓடவில்லை என்றால் ஹார்டு டிஸ்கைக் கழற்றி, தெரிந்த மெக்கானிக்கை உடன் உட்கார வைத்து எடுங்கள். மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் யாரோ ஒருவருக்கு இணையத்தில் அனுப்பிவிடாதீர்கள். கொள்முதல் விலையும் வங்கிக் கணக்கு எண்ணும் அதில்தான் இருக்கின்றன.

எண்ணிக்கை ஒத்து வந்தபின் ஆண்டுக்கு நாலைந்து பில்லையாவது திறந்து பாருங்கள். அதுவரை பழைய பெட்டி காயலான் கடைக்குப் போக வேண்டாம்.