டேங்க் தண்ணீருக்கு ‘ஃபோர்ஸ்’ இல்லையா? பிரஷர் பம்ப் வைக்கும் முன் சோலார் ஹீட்டரின் ஏர் பைப்பைப் பாருங்கள்

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள். பண்ருட்டியைத் தாண்டி நெய்வேலி போகும் வழியில் காடாம்புலியூர். பலா, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே, அப்பா கட்டிய மாடி வீடு. மொட்டை மாடியில் ஒரு தண்ணீர் டேங்க், பக்கத்தில் சோலார் வாட்டர் ஹீட்டர். மாடி பாத்ரூமில் ஷவரைத் திறந்தால் தண்ணீர் சொட்டுகிறது.

“ஒரு பிரஷர் பம்ப் போட்டுடலாம்ப்பா” என்கிறீர்கள்.

“கரண்ட் போச்சுன்னா என்னடா பண்றது?” என்கிறார் அப்பா.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால், இருவரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: அந்த சோலார் டேங்க் பம்பின் அழுத்தத்தைத் தாங்குமா?

ஃபோர்ஸ் ஏன் குறைகிறது?

தண்ணீரின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது உயரம்தான். டேங்கின் கொள்ளளவு அல்ல. 500 லிட்டர் டேங்கை எடுத்துவிட்டு, அதே உயரத்தில் 1,000 லிட்டர் டேங்க் வைத்தாலும் ஷவரில் ஃபோர்ஸ் கூடாது. 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம் என்பது கணக்கு. மாடி பாத்ரூம் ஷவருக்கும் டேங்கில் உள்ள நீர்மட்டத்துக்கும் 2 மீட்டர்தான் இடைவெளி என்றால், கிடைப்பது 0.2 பார். வீட்டு பிரஷர் பம்புகள் பொதுவாக 1.5 முதல் 3 பார் வரை தருகின்றன. அதாவது, ஏழு மடங்கு முதல் பதினைந்து மடங்கு வரை!

சோலார் டேங்கில் என்ன சிக்கல்?

வீடுகளில் உள்ள பெரும்பாலான சோலார் ஹீட்டர்கள் மோட்டார் இல்லாமலேயே இயங்குபவை. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும். இந்தச் சுழற்சியில்தான் டேங்க் முழுவதும் சூடாகிறது.

சூடானால் தண்ணீர் விரியும். 200 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரி செல்சியஸுக்குப் போனால், 3 லிட்டருக்கு மேல் கூடும். அந்தக் கூடுதல் தண்ணீரும் ஆவியும் வெளியேறவும், தண்ணீர் எடுக்கும்போது காற்று உள்ளே வரவும்தான் மேல்நோக்கி ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அதுதான் ஏர் பைப். அதன் வாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும்.

இந்த அமைப்பின் குளிர்நீர் வரும் வழியில் பம்பை வைத்தால், ஏர் பைப் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். “தண்ணி வீணாகுதே” என்று அதன் வாயில் மூடி போட்டுவிட்டால்தான் ஆபத்து. 40 செ.மீ. விட்டமுள்ள டேங்கின் பக்கவாட்டு மூடியை, 2 பார் அழுத்தம் சுமார் இரண்டரை டன் விசையோடு தள்ளும். மெல்லிய தகட்டில் செய்த சாதாரண டேங்க் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. உள்ளே இருப்பதோ கொதிக்கும் சூட்டில் உள்ள தண்ணீர்.

லண்டனில் பழைய வீடு வாங்கிய உறவினர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பாய்லர் வெந்நீர் தானாகவே குழாய்களில் சுற்றிவந்த பழைய வீடுகளை அங்கே முழுக்கப் பம்புக்கு மாற்றுகிறார்கள். அங்கேயும் முதலில் பார்ப்பது காற்றுக் குழாயைத்தான். பாய்லருக்கும் அந்தக் குழாய்க்கும் நடுவே வால்வு எதுவும் இருக்கக் கூடாது என்பது அடிப்படை விதி.

சரியாக மாற்றுவது எப்படி?

முதலில் செலவு குறைந்த வழிகளைப் பாருங்கள். ஷவரின் துளைகளில் உப்பு அடைத்திருக்கலாம். டேங்கிலிருந்து இறங்கும் குழாய் அரை இன்ச்சாக இருந்தால் ஒரு இன்ச்சாக மாற்றலாம். டேங்கை ஒரு மீட்டர் உயர்த்தினால் 0.1 பார் கூடும். அப்படி உயர்த்தினால் ஏர் பைப்பையும் உயர்த்த வேண்டும். அதன் நுனி, குளிர்நீர் டேங்கின் மட்டத்தைவிட மேலே இருந்தாக வேண்டும்.

பம்ப்தான் வேண்டும் என்றால், சோலார் டேங்குக்குத் தண்ணீர் பழையபடியே இறங்கட்டும். டேங்கை விட்டு வெளியேறும் வெந்நீர்க் குழாயில் ஒரு பம்ப், தண்ணீர்க் குழாயில் இன்னொரு பம்ப் வைக்கலாம். வெந்நீர் பம்ப் அந்தச் சூட்டைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். குழாய் சிபிவிசியாக இருக்கட்டும், சாதாரண பிவிசி தாங்காது.

குளிர்நீருக்கு மட்டும் பம்ப் வைத்தால் மிக்ஸர் குழாய் வழியாகத் தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் ஏறி, சோலார் டேங்குக்கே திரும்பிப் போகும். அதனால் இரண்டு லைனிலும் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம்.

இன்னொரு வழி, அழுத்தம் தாங்கும் வகை சோலார் டேங்க் வாங்குவது. விலை கூடுதல். சேஃப்டி வால்வு அவசியம்.

மின்சார கீசரா? லேபிளில் உள்ள எண்ணைப் பாருங்கள். 0.8 மெகாபாஸ்கல் என்றால் 8 பார். அதன் சேஃப்டி வால்வு சொட்டினால் அடைக்காதீர்கள். சொட்டுவது அதன் வேலை.

அப்பாவின் கேள்விக்குப் பதில்

நெய்வேலி அனல்மின் நிலையங்கள் பக்கத்திலேயே இருந்தாலும், மின்கம்பம் சாய்ந்தால் இந்த ஊரும் இருட்டுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது, கடலூர் மாவட்டக் கிராமங்கள் பல நாட்கள் மின்சாரமின்றித் தவித்தன. டேங்க் நிறையத் தண்ணீர் இருந்தும் பம்ப் ஓடாததால் குழாயில் வரவில்லை என்ற நிலை வரக் கூடாது.

இதற்கு ஒரு பைபாஸ் போதும். பம்பைச் சுற்றி இன்னொரு குழாயும் அதில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும். கரண்ட் இருந்தால் பம்ப். போனால், பழையபடி உயரத்தின் தயவில் தண்ணீர் வரும்.

பிளம்பரிடம் கேட்க 4 கேள்விகள்

1. சோலார் டேங்க் அழுத்தம் தாங்கும் வகையா?
2. ஏர் பைப் திறந்திருக்கிறதா, டேங்க் நீர்மட்டத்தைவிட உயரமா?
3. வெந்நீர், தண்ணீர் இரண்டு லைனிலும் நான்-ரிட்டர்ன் வால்வு உண்டா?
4. கரண்ட் இல்லாதபோது பைபாஸில் தண்ணீர் வருமா?

நான்காவதற்கு வாயால் வரும் பதில் போதாது. வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, குழாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அப்பா பக்கத்தில் இருக்கட்டும்.