உஷார்! மீன் தொட்டிக்கு ‘ஆட்டோமேட்டிக்’ மாட்டப் போகிறீர்களா?

ஒரு ஃப்ளோட் சுவிட்ச், ஒரு ரிலே, ஒரு குட்டி மோட்டார். தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கினால் மோட்டார் ஓடி நிரப்பும்; ஏறினால் நிற்கும். வேலை சுலபம்தான். ஆனால் நிற்காவிட்டால்?

நிற்காமல் போகப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். மிதவையில் பாசி படிந்தாலோ நத்தை ஏறினாலோ அது கீழேயே சிக்கிக்கொள்ளும். மோட்டார் நிற்கும்போதெல்லாம் ரிலே முனைகளில் பொறி பறக்கும். நாளடைவில் அவை ஒட்டிக்கொண்டால், மிதவை மேலே வந்தும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஆள் இல்லாத நேரமென்றால் கூடமே குளம்தான்!

அதனால் மாடித் தொட்டி லைனையோ தெருக்குழாயையோ நேராக இணைக்கவே கூடாது. வெள்ளம் ஒருபுறம், குளோரின் கலந்த தண்ணீர் மீனையே கொன்றுவிடும். குளோரின் நீக்கிய தண்ணீரைத் தனி வாளியில் வையுங்கள், 5 லிட்டர் போதும். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் அது மொத்தமும் கொட்டினாலும் மட்டம் 3 செ.மீ.கூட ஏறாது. விளிம்பில் 4 செ.மீ. விட்டுவைத்தால் தரை நனையாது.

அடுத்தது உயிர் விஷயம். 230 வோல்ட் மோட்டார் வேண்டாம். 12 வோல்ட் டி.சி. மோட்டார் வாங்குங்கள். அடாப்டரும் எக்ஸ்டென்ஷன் போர்டும் தொட்டிக்குக் கீழே தரையில் கிடக்கக் கூடாது. எம்.சி.பி. இருக்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். ஷாக்கிலிருந்து காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தான். தொட்டியில் கை விடுமுன் ஹீட்டர், ஃபில்டர் உட்பட எல்லா பிளக்கையும் கழற்றுங்கள்.

இன்னும் மூன்று:

* டியூப் முனை தண்ணீரில் முங்கக் கூடாது. முங்கினால், மோட்டார் நின்ற பிறகும் தொட்டித் தண்ணீர் வாளிக்கே திரும்பி இறங்கலாம்.

* வெறும் செம்புக் கம்பியைச் சென்சாராக விடாதீர்கள். மின்சாரம் பட்டுச் செம்பு கரையும். இறால், நத்தை செத்துப்போகும்.

* சற்று உயரத்தில் இன்னொரு ஃப்ளோட் சுவிட்சைத் தொடராக இணையுங்கள். ஒன்று சிக்கினாலும் மற்றது நிறுத்தும்.

ஊருக்குக் கிளம்புமுன் இரண்டு மிதவைகளையும் குச்சியால் அழுத்திப் பிடித்து வாளி முழுதும் கொட்ட விடுங்கள். தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் மோட்டார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள்.