புது மின்சாரக் காரில் பிரேக் போனது எப்படி?

"பழைய வண்டிதான் பிரேக் போகும், புது வண்டிக்கு என்ன கேடு?" என்று நாமெல்லாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். போன வருஷம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆட்டோமொபைல் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிற எனக்கு, வாங்கி ஒரு மாதமே ஆன மின்சாரக் கார் ஒன்று ஏற்காடு மலைப்பாதையில் பாடம் நடத்தியது.

என் அப்பா டிரைவர். இருபத்திரண்டு வருஷம் டீசல் வண்டிதான் ஓட்டினார். முதலாளி புதிதாக மின்சாரக் கார் வாங்கியதும், "கியர் எங்கடா கண்ணு இதுல?" என்று என்னிடம்தான் கேட்டார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தானே! பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை.

முதலாளி குடும்பத்தோடு ஏற்காட்டில் ஒரு இரவு தங்கினோம். லாட்ஜில் 15 ஆம்பியர் பிளக்கில் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, காலையில் 100 சதவீதம் காட்டியது. அப்பாவுக்கு சந்தோஷம். கீழே இறங்கத் தொடங்கியதும் மீட்டரில் மஞ்சள் எழுத்தில் இங்கிலீஷில் ஒரு செய்தி வந்தது. மோட்டார் பிரேக் குறைக்கப்பட்டுள்ளது என்ற அர்த்தத்தில் இருந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. முன் சீட்டில் இருந்த நான் படித்தேன். என்னவோ சொல்கிறது என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது.

ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் தானாக வேகம் குறைகிற வண்டி, அன்று குறையவே இல்லை. அப்பா பிரேக்கை மிதித்துக் கொண்டே இறங்கினார். சில கொண்டை ஊசி வளைவுகள் தாண்டியதும் கருகிய வாடை. அடுத்த வளைவுக்கு முன்னால், "பிரேக் புடிக்கல!" என்று கத்தினார். இடது பக்கம் மலைச்சரிவு மண்ணில் வண்டியை உரசி நிறுத்தினார். பம்பர் உடைந்தது. ஆள் யாருக்கும் அடியில்லை. அதே கையால் இன்னும் கொஞ்சம் வலது பக்கம் ஒடித்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டு, 'பழுது ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். வண்டியில் பழுதில்லை என்றால் தப்பு யாருடையது? டிரைவருடையதுதானே! அப்பாவுக்கு வேலை போனது.

உண்மையில் நடந்தது என்ன? மின்சாரக் காரின் மோட்டார், காலை எடுத்ததும் ஜெனரேட்டராக மாறிவிடும். சக்கரம் அதைச் சுற்ற, உண்டாகும் கரண்ட் பேட்டரிக்குப் போகும். அந்த இழுப்பினால் வண்டி மெதுவாகும். ஆனால் கரண்ட் போக இடம் வேண்டுமே! பேட்டரி நிறைந்திருந்தால் மேலும் ஏற்ற முடியாது. ஏற்றினால் செல்கள் கெட்டுப்போகும் என்று கன்ட்ரோலர் தடுத்துவிடும். நிறைந்த குடத்தில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா?

ஏற்காட்டிலிருந்து சேலம் கிட்டத்தட்ட 1,200 மீட்டர் கீழே. ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள வண்டி இவ்வளவு உயரம் இறங்கினால் வெளிவரும் சக்தி சுமார் 5.9 யூனிட். ஒரு ஹெச்.பி. கிணற்று மோட்டாரை ஏழெட்டு மணி நேரம் ஓட்டலாம். காற்றும் டயரும் ஒரு பங்கைத் தின்னும். டீசல் வண்டியில் செகண்ட் கியர் போட்டால் இன்ஜின் ஒரு பங்கைத் தாங்கும். அன்று மீதி எல்லாம் பிரேக் பேடின் தலையில்தான் விழுந்தது.

அடுத்த விஷயம்தான் முக்கியம். சமவெளியில் ஓடும்போது மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைத்து விடுவதால், பேடுக்கு வேலையே கிடையாது. அதனால் புது பேட் டிஸ்கோடு சரியாக 'செட்' ஆகியிருக்காது. அதில் உள்ள பிசின் முதல் முறையாகக் கடும் சூடு காணும்போது வாயுவைக் கக்கும். அந்த வாயு பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவில் மெல்லிய படலமாக நின்று, பிடிப்பை விட வைக்கும். ஆறிய பிறகு நன்றாகப் பிடிக்கும். அப்புறம் கம்ப்யூட்டரில் எப்படிப் பழுது தெரியும்?

ஆயில் கொதித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். டாட்-4 ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரை தாங்க வேண்டும். கொதித்தால் பெடல் மெத்தென்று கீழே போகும். அப்பா சொன்னது, "பெடல் கல்லு மாதிரி இருந்துச்சுடா." அப்படியானால் பூஸ்டர் போயிருக்குமோ? மின்சாரக் காரில் இன்ஜின் வேக்குவம் இல்லாததால் தனி மின் பம்போ மோட்டாரோதான் பூஸ்டருக்கு உதவுகிறது. எனக்கும் முதலில் அந்தச் சந்தேகம்தான். ஆனால் அது நின்றிருந்தால் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். கருகிய வாடையும் வந்திருக்காது. எனவே பேட்தான் என்பது என் முடிவு.

டிரைவர் சொல்வதைக் கற்பனை என்று ஒதுக்கக் கூடாது. 2010 பிப்ரவரியில் டொயோட்டா நிறுவனம் பிரியஸ் முதலிய ஹைப்ரிட் கார்களை உலகெங்கும் 4 லட்சத்துக்கு மேல் திரும்ப அழைத்தது. மேடுபள்ளத்திலும் வழுக்கலிலும் ஒரு கணம் பிரேக் விட்டுப்போவதாக ஓட்டியவர்கள் சொன்னார்கள். ஏ.பி.எஸ். சாப்ட்வேரை மாற்றித்தான் சரி செய்தார்கள்.

மலைக்கு மின்சாரக் கார் கொண்டுபோகிற நண்பர்கள், மேலே 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துங்கள். ஆரம்பத்திலிருந்தே மெதுவாக இறங்குங்கள். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வராமல், அழுத்திப் பிடித்து விடுங்கள். வாடை வந்தால் ஓரங்கட்டி ஆற விடுங்கள். நியூட்ரலில் போட்டால் மோட்டாரின் இழுப்பு சுத்தமாகப் போய்விடும், போடாதீர்கள். மின் பார்க்கிங் பிரேக் உள்ள வண்டிகளில் பொதுவாக அந்த ஸ்விட்சை விடாமல் பிடித்தால் ஓடும்போதும் வேகம் குறையும். உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா அன்று ஹேண்ட் பிரேக் லிவரைத் தேடினார். லிவரே இல்லை.

இதையெல்லாம் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம் படம் போட்டு அப்பாவுக்கு விளக்கினேன். மஞ்சள் எழுத்தை நான் படித்ததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "இத முதலாளிகிட்ட யாருடா சொல்றது?" என்றார். இரண்டு பக்கம் எழுதி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை. அப்பா இப்போது லோடு வண்டி ஓட்டுகிறார். டீசல் வண்டிதான்.